ஸ்லிவாக்கில் பதினோரு நிமிடம்

"அவங்க வர்றதுக்குள்ள இவள உள்ள அனுப்பிக் கதவச் சாத்து," என்றான் கிரில் மனைவியிடம். சொல்லும்போது அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. ரக்கியாச் சாராயப் புட்டியைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

அந்த 'இவள்' மேசையருகே உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் ருஸ்கா, வயது நாற்பத்தாறு. நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"நான் என்ன அழுக்கு மூட்டையா, உள்ள தள்ளி மூடறதுக்கு?" என்று சிரித்தாள். "சரி, போறேன். ஆனா பானித்ஸாவுல ஓரத்துத் துண்டு எனக்கு வந்துரணும். விடியக்காலைல எழுந்து மாவு இழுத்தவ நான். அண்ணி, மறந்துராத."

கிரிலின் மனைவி நெவேனா எழுந்தாள். நாத்தனாரை அக்குளில் தாங்கிப் பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

வரப்போவது சேவ்தா. நெவேனாவின் மகள் எலித்சா ப்லோவ்திவ் நகரத்தில் வேலை பார்க்கும் இடத்தில் விரும்பிய பையனின் தாய். வீடு பார்க்க முதல் தடவையாக வருகிறாள். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பவர்கள் வீட்டைப் பார்ப்பதாகத்தான் சொல்வார்கள், பார்ப்பது ரத்தத்தை. கால் முடியாத ஒரு ஆள் வீட்டில் இருந்தால் பேரன் தள்ளாடிக்கொண்டு பிறப்பான் என்று ஒரு பேச்சு. காய்ச்சல் வேறு, ரத்தம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஸ்லிவாக் ஊரில் ஒன்பது வீடுகளில் இப்படிச் சாத்திய பின்னறை ஒன்று உண்டு. ரொட்டிக்கடைக்காரரின் மகன் முதல் வாத்தியார் மனைவிவரை எல்லோரும், வெளியாள் கேட்டால், 'தலைநகர் சோபியாவில் இருக்கிறார்கள்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் ஊருக்கு நிகர் எங்கள் ஊர்தான்.

நெவேனா அந்த ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர். வீடு ஸ்டேஷன் கட்டடத்தின் மாடியில். பதினெட்டு வருடமாக அவள் சிவப்புத் தொப்பி அணிந்து பச்சைத் தட்டைத் தூக்கிக் காட்டினால்தான் வண்டி கிளம்பும். ஸ்டேஷன் வாசலில் அவள் வளர்த்த ஜெரேனியப் பூக்களுக்கு மூன்று தடவை பரிசு கிடைத்திருக்கிறது. பூவுக்குக் குறைவில்லை. பிளாட்பாரம் என்பதுதான் தண்டவாளங்களுக்கு நடுவே கொட்டிய ஜல்லி. அதில் நின்றால் பெட்டியின் முதல் படி இடுப்புக்கு வரும். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், நோயாளிகள் எல்லோரையும் மேலிருந்து இரண்டு பேர் இழுக்க, கீழிருந்து ஒருவர் தள்ளுவார். நெல் மூட்டை ஏற்றுகிறவன்கூட அதைவிடப் பதமாக ஏற்றுவான்.

ருஸ்காவும் வியாழன்தோறும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தாள், பான்யா நகரத்து வெந்நீர் ஊற்றில் குளிக்க. ஊருக்குப் பஸ் நின்று எட்டு வருடமாயிற்று. "தண்ணிக்குள்ள நான் நடக்கறேன் அண்ணி! சத்தியமா நடக்கறேன்!" என்று திரும்பி வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன அக்டோபரில் மேலே இழுத்தவர்களின் கை வழுக்கியது. கீழே தள்ளியவள் நெவேனா. அவள் பிடியும் நழுவியது. ருஸ்கா ஜல்லியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு குளியல் இல்லை, வெளியே போவதே இல்லை.

விபத்து அறிக்கை எழுத வேண்டியவளும் நெவேனாதான். அதன் நகல் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும். ஊருக்குத் தெரிந்தது வேறு, அங்கே காகிதத்தில் ஏறினால் வெளியூர்ச் சம்பந்திகள் காதுவரை போகும். அப்போதுதான் எலித்சாவின் கல்யாணப் பேச்சு துளிர்விட்டிருந்தது. நெவேனா எழுதினாள்: 'பயணி படியைப் பார்க்காமல் ஏறியதால் விழுந்தார். உடற்குறை: இல்லை.' இது ருஸ்காவுக்குத் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நெவேனாவுக்கு ருஸ்கா 'அண்ணி' என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் குறுகுறுத்தது.

பதினொன்று நாற்பது வண்டியில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தி சேவ்தா. இறங்கத் தெரியாமல் படியில் தவித்து, பின்னால் வந்தவரின் தோளைப் பிடித்துக் குதித்தாள். "யம்மா! உங்க ஊருல இறங்கறதுக்கு ஏணி கொண்டாரணும்போல இருக்கே!" அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் ரயில்வே வட்டார அலுவலகத்து இன்ஜினியர் போயாஜியேவ். இந்த வாரம் ஒருநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்த நாள் இது.

பெண் பேசும் நாளில் வந்த விருந்தாளியைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் பெண்ணுக்கு ஆகாது. கிரில் இன்ஜினியரையும் விடவில்லை. "வேலையெல்லாம் மேல உக்காந்து பாக்கலாம், வாங்க சார்!"

சேவ்தா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்தப் பானித்ஸாவை இரண்டு துண்டு சாப்பிட்டாள். "யாரு செஞ்சது?" என்று கேட்டாள். "வீட்டுலதான்," என்றான் கிரில் அவசரமாக.

இன்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தார். "நாலு ஸ்டேஷன்ல ஒண்ணுக்குத்தான் இந்த வருஷம் வேலை. பெட்டி வாசல் உயரத்துக்குப் பிளாட்பாரம், சரிவுப் பாதை, தண்டவாளம் தாண்ட மணியோட பலகைப் பாதை. கால் முடியாத பயணிங்க எங்க இருக்காங்களோ அங்க." பக்கத்தைப் புரட்டினார். "ஸ்லிவாக்... பதினெட்டு வருஷமா ஒருத்தருமில்ல. அக்டோபர்ல ஒரு விபத்து. 'பயணி படியைப் பார்க்காமல் ஏறியதால் விழுந்தார். உடற்குறை: இல்லை.' உங்க கையெழுத்துதானேம்மா?"

"பாத்தீங்களா, திடகாத்திரமான ஊரு!" என்று சேவ்தா குளிர்ந்துபோனாள்.

"எல்லாம் மலைத் தண்ணி," என்று கிரில் கோப்பையை நிரப்பினான்.

பின்னறையில் ஊன்றுகோல் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. "பூனை," என்றான் கிரில்.

"அப்ப பக்கத்து ஊருக்கே எழுதிடறேன். கீழ ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

நெவேனா பேனாவை வாங்கினாள். கிரிலின் கண் 'போடு' என்றது. போட்டால் எலித்சாவுக்குக் கல்யாணம். போட்டால் ருஸ்காவுக்குச் சாகும்வரை அந்த அறை. அன்று எழுதியது பயத்தில் என்று இத்தனை நாளாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லி வந்திருந்தாள். இன்று எழுதினால் என்ன சொல்லிக்கொள்வது? எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள்.

"அந்தப் பயணி இவதான். என் நாத்தனார். நாலு வயசுலேர்ந்து கால் வராது. பார்க்காம ஏறல. நாங்கதான் கைய விட்டோம். நான் எழுதினது பச்சைப் பொய்."

ருஸ்கா விருந்தாளிகள் யாரையும் பார்க்கவில்லை. "நான் பார்க்காம ஏறினேன்னா எழுதின, அண்ணி?"

"ஆமா."

"ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதியே. அழுதது எனக்கா, அந்தக் காகிதத்துக்கா?"

 வெட்கம் நெவேனாவைப் பிடுங்கித் தின்றது.

சேவ்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "இது... ரத்தத்துல வர்றதா?"

"காய்ச்சல்ல வந்ததும்மா," என்றாள் ருஸ்கா. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு. பானித்ஸாவும் இந்தக் கைதான் செஞ்சது. ரெண்டு துண்டு இறங்கிச்சே, கசந்துச்சா?"

"பையனோட அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்," என்று சேவ்தா எழுந்துகொண்டாள். உலகத்தில் எந்த ஊரிலும் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

இன்ஜினியர் நெளிந்தார். "ஆறு மாசம் தாண்டின அறிக்கையத் திருத்த முடியாதும்மா. கால் முடியாத பயணிங்க பட்டியல்ல புதுசா பேர் சேர்க்கலாம். மருத்துவக் குழு சர்ட்டிபிகேட் வேணும். வியாழக்கிழமை பான்யாவுல உக்காருவாங்க. ஆள் நேர்ல போகணும்."

"எதுல?" என்று கேட்டாள் நெவேனா.

"ரயில்ல..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ருஸ்கா மட்டும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அதன் பிறகு அவள் நெவேனாவோடு பேசவில்லை. கிரில் இருவரோடும் பேசவில்லை. எலித்சா போனில் அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று கேட்கும் தைரியம் நெவேனாவுக்கு இல்லை. புதன்கிழமை சாயங்காலம் ருஸ்கா வாயைத் திறந்தாள். "காலை வண்டி ஒன்பது பத்துதானே? யாரும் என்னத் தூக்கக் கூடாது. நீயும்."

மறுநாள் வண்டி வந்து நின்றது. நெவேனா ஜல்லியில் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு விலகி நின்றாள். ருஸ்கா அதில் உட்கார்ந்து, முதுகைப் பெட்டிக்குக் கொடுத்து, இரு கைகளையும் பின்னால் ஊன்றி முதல் படிக்கு உடம்பை ஏற்றினாள். மூச்சு வாங்கினாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்தாள். அடுத்த படி.

"பச்சை காட்டுங்கம்மா! ஒரு நிமிஷம்தான் நிக்கணும்!" என்று கத்தினார் கண்டக்டர். "கையக் குடுங்க, இழுத்துப் போட்டுடறேன்!"

"தொடாதீங்க," என்றாள் நெவேனா. தட்டைத் தூக்கவில்லை. ஜன்னலெல்லாம் தலைகள் நீண்டன. சிலர் கடிகாரம் பார்த்தார்கள், சிலர் திட்டினார்கள். பதினோரு நிமிடம் கழித்து ருஸ்கா இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் பச்சை எழுந்தது.

வட்டார அலுவலகத்திலிருந்து போன் பறந்து வந்தது. "என்னம்மா பதினோரு நிமிஷம் லேட்டு? காரணம் என்ன எழுத? பயணியோட கவனக்குறைவா?"

"இல்ல. படி உசரம். தப்பு ஸ்டேஷனோடது."

"அப்படி எழுதினா உங்க பேருக்குத்தான் கரும்புள்ளி."

"எழுதுங்க."

நாலு மணி வண்டியில் ருஸ்கா திரும்பினாள். இறங்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. மடித்த காகிதத்தை நெவேனாவிடம் நீட்டினாள். "படி. நல்லா எழுதியிருக்காங்க."

கூட யார் வந்தது என்று டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். யாருமில்லை, நானே ஏறி வந்தேன் என்றிருக்கிறாள் ருஸ்கா. காகிதத்தில் இருந்தது: 'பிறர் உதவியின்றி ரயிலில் பயணம் செய்ய வல்லவர். தனி வசதி எதுவும் தேவையில்லை.'

நெவேனா அதை இரண்டு தடவை படித்தாள்.  "என்னாலதான்..." என்று ஆரம்பித்தாள்.

"அழாத. உன் அழுகைய நம்பற காலம் போச்சு," என்றாள் ருஸ்கா. "அடுத்த வியாழன் நான் குளிக்கப் போகணும். அதுக்கு என்ன வழி?"

நெவேனா உள்ளே போய்த் தானே போனை எடுத்து வட்டார அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"ஸ்லிவாக்லேர்ந்து பேசறேன். நாலு மணி வண்டி ஒன்பது நிமிஷம் லேட்டு, எழுதிக்குங்க. அடுத்த வியாழன் காலை வண்டி பதினோரு நிமிஷம் லேட்டாகும். அதையும் இப்பவே எழுதிக்குங்க. அதுக்கடுத்த வியாழனும்."