தபால்காரரின் குதிகால்

டாக்டரின் எண்ணை அழுத்திய சின்னவள், மறுமுனையில் மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். இது மூன்றாவது தடவை. கட்டிலில் அப்பா வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தார். பால் டம்ளரோடு அவள் உள்ளே வந்தபோது மூச்சு இருந்தது. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது இல்லை. இவ்வளவுதானா என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"போனைக் கீழ வை. பெரியவ வரட்டும்" என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்ததில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். "அண்ணன் எங்க ஓடிடப் போறாரு?"

"அவ நேத்து ராத்திரியே ரயில்ல ஏறிட்டா. வந்து சேர சாயங்காலம் ஆயிடும் சித்தப்பா. டாக்டரம்மா கேட்டது ஆறு மணி நேரம். அதுக்குள்ள கொண்டு போனாத்தான் உபயோகம்."

"உபயோகம்! மனுஷன் செத்துக் கிடக்கான், உபயோகமாம். வெட்டிக் கூறு போட்டு அனுப்பினா ஊர் என்ன பேசும்?"

"ஊரா இவருக்கு இருமல் மருந்து ஊத்திக் கொடுத்துச்சு?"

சித்தப்பா பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார்.

அப்பா தபால்காரர். வேலையில் இருந்தவரை நடந்தே தபால் கொடுத்தவர். சைக்கிளில் போனால் நாய்களோடு சிநேகம் விட்டுப்போகும் என்பார். வலது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தபோது, அலுவலகத்தில் கொடுத்த மட்டமான ஷூவின் சாயம் ஒட்டிக்கொண்டதாக நினைத்தார். தினமும் குளிக்கும்போது கல்லை வைத்துத் தேய்த்தார். போகவில்லை. சாயத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார். இரண்டு வருஷம் தேய்த்தார். புது ஷூ வாங்கியும் புள்ளி அகலமானபோதுதான், அதுவும் ரத்தம் கசிந்தபோதுதான், ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தோல் டாக்டர் அம்மாள் அவருடைய குதிகாலை விளக்கு வைத்த ஒரு கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தாள். "இது புற்றுநோய். வெயில் படற முதுகுல, தோள்ல வர்றதைப் பத்தி உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. உங்க மாதிரி கறுப்புத் தோல்காரங்களுக்குப் பாதத்துலயும் நகத்துக்கு அடியிலயும் வருது. அதைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு காரணத்துக்காகவே அப்பா அவளிடம் விழுந்துவிட்டார்.

அறுத்து எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலை எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். "இனி நான் நடந்தா தொடையால நடக்கறேன்னு அர்த்தம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நோய் கேட்கவில்லை. ஒட்டின இடத்திலேயே மறுபடி முளைத்தது, தொடையிடுக்குக்கு வந்தது, நுரையீரலுக்குப் போனது, கடைசியாகக் கல்லீரல். புது மருந்துகள் இரண்டைச் சோதனைக்காக ஏற்றினார்கள். மற்றவர்களுக்குக் கேட்ட மருந்து இவருக்கு ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் அம்மாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். உயிர் போன உடனே, அந்தத் திசுக்கள் கெடுவதற்குள், குதிகாலில் இருப்பது ஒன்று, நுரையீரலில் இருப்பது ஒன்று என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் எடுத்து வைத்துப் பார்த்தால், நோய் போன வழியில் எங்கே எப்படி மாறியது என்று தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். எடுத்துக்கங்க" என்றார் அப்பா.

பெரியவளிடம் இதைப் போனில் சொன்னபோது, "இந்த அப்பாவுக்கு எல்லாமே விளையாட்டு" என்று அவள் சிரித்துவிட்டாள். இன்று காலை சிரிக்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் யாரும் அப்பாவைத் தொடக் கூடாது. முழுசா பாக்கணும் எனக்கு. கேக்குதா? கத்தி வைக்கறதுக்கு முன்னாடி முழுசா" என்றாள். சின்னவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ரயில் ஏதோ குகைக்குள் நுழைந்து தொடர்பு அறுந்தது. குகைக்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

பெரியவள்தான் அப்பாவின் செல்லம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் காலை மடியில் போட்டுக்கொண்டு நகம் வெட்டிவிடுவாள். அவருக்குக் குனிந்தால் முதுகு பிடிக்கும். வெளியூருக்குக் குடி போனபோது அந்த நகவெட்டியைச் சாவிக்கொத்தில் கோத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "சொத்துல அவ கேட்ட பங்கு அது ஒண்ணுதான்" என்பார் அப்பா. நாலு வருஷமாக அவளுக்கு வர வாய்க்கவில்லை. சின்னக் குழந்தைகள், வேலை, தூரம். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. அதனாலேயே அவளைத் திட்டவும் முடியாது.

அவளுக்குக் கொடுக்க இன்று தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது. டாக்டரைக் கூப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அக்கா வருவாள், அப்பாவை முழுசாகப் பார்ப்பாள். ஆராய்ச்சி இன்னொருவரை வைத்து நடக்கும்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் பழைய தபால் பை தொங்கியது. ஒரு மழை நாளில், நல்ல ஜுரத்தோடு வீடு திரும்பி, தலையைத் துவட்டிக்கொண்டே பையை உதறியவர், அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருப்பை மாட்டினார். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். "நாளைக்குக் குடுத்தா என்ன, குடியா முழுகிடும்?" என்று கத்தினாள். "முழுகிடுச்சுன்னு எழுதியிருந்தா?" என்று கேட்டுவிட்டு அப்பா இறங்கிப் போய்விட்டார். பையில் மிச்சம் வைத்துவிட்டு அவர் ஒருநாளும் தூங்கியதில்லை.

சின்னவள் எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை துண்டிக்கவில்லை.

டாக்டர் அம்மாளே வண்டியோடு வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, சற்று நேரம் அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். ஒண்ணும் தப்பில்ல. உங்களுக்குச் சம்மதம்தானா?" என்றாள்.

"அப்பாவுக்குச் சம்மதம்" என்றாள் சின்னவள். "எனக்கில்ல. எடுத்துட்டுப் போங்க."

வண்டி போன பிறகு பெரியவளுக்குப் போன் செய்து சொன்னாள். கேட்டதும் பெரியவள் துண்டித்தாள்.

சாயங்காலம் பெரியவள் பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தாள். அப்பாவைத் தர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். தோல் பிரிவின் நடையில் நீளமான பெஞ்சு. அதன் ஒரு கோடியில் சின்னவள், மறு கோடியில் பெரியவள், நடுவில் தடுப்புச்சுவர் மாதிரி சித்தப்பா.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் இந்தப் பக்கம். பதில் இல்லை. "நீ?" என்றார் அந்தப் பக்கம். அங்கேயும் இல்லை. "நானும்தான் சாப்பிடல. யாரும் கேக்க மாட்டேங்கறீங்க" என்று முனகிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

சின்னவள் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால், செய்தது தவறு என்று ஆகிவிடும். செய்தது தவறில்லை. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

எதிர்ச்சுவரில் மருத்துவ மாணவர்களுக்காக மாட்டிய பெரிய பெரிய படங்கள். படை, சொறி, வெண்புள்ளி, செதில் செதிலாக உரிந்த ஒரு முழங்கை. எந்தப் படத்திலும் முகம் இல்லை, பெயர் இல்லை. பெரியவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு எழுந்தாள். வரிசையில் கடைசிக்கு முந்தின படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

ஒரு பாதத்தின் அடிப்பக்கம். குதிகாலில் கரை கிழிந்த கறுப்புத் திட்டு. அதன் ஓரத்தில் அளவு காட்ட ஒட்டிய சின்ன அளவுகோல். எல்லோரும் பார்ப்பது அந்தத் திட்டைத்தான். பெரியவள் பார்த்தது மேலே, பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த சுண்டுவிரலை.

"இது அப்பா" என்றாள்.

"எது?" சித்தப்பா பதறி எழுந்தார். மத்தியானத்திலிருந்து அதற்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். "அட, ஆமாம். அண்ணன்தான்!"

"உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு இந்தப் படத்தைக் காட்டித்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றாங்களாம்" என்றாள் சின்னவள் பெஞ்சிலிருந்தபடியே. "அதுக்கு இதுவரைக்கும் வெள்ளைத் தோல்ல இருக்கற மச்சம்தான் அடையாளம் தெரியுமாம். 'என் மூஞ்சியை ஒருத்தனும் போட்டோ புடிச்சதில்ல, என் கால் வாத்தியாராயிடுச்சு'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. படைக்கும் சொறிக்கும் நடுவுல மாட்டிட்டாங்கன்னு மட்டும் ஒரு குறை."

பெரியவள் சிரிக்கவில்லை. படத்தில் விரல் வைத்தாள். திட்டின் மேல் இல்லை, கட்டைவிரல் நுனியில். அங்கே நகம் சதையைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு வளர்ந்திருக்கு பாரு" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "கூடவே இருந்தியே, வெட்டி விடத் தோணலியா உனக்கு?"

"விட்டாத்தானே. பெரியவ வருவா, அவ வெட்டட்டும்னு காலை இழுத்துக்குவாரு."

பெரியவள் விரலை எடுக்கவில்லை. சித்தப்பா தண்ணீர் வாங்கி வருவதாக யாரிடமோ சொல்லிக்கொண்டு நடையின் மறுகோடிக்குப் போனார்.

கதவு திறந்தது. தள்ளுவண்டியில் அப்பா வந்தார், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி. டாக்டர் அம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. "முகத்தைத் தொடவே இல்லம்மா. எல்லாம் தைச்சுச் சரி பண்ணியாச்சு. பாருங்க" என்று தலைமாட்டில் இடம்விட்டு விலகி நின்றாள்.

பெரியவள் தலைமாட்டுக்குப் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள். துணியைக் கணுக்கால்வரை மடித்தாள். வலது பாதத்தில் புதுக்கட்டு, இடது பாதம் அப்படியே இருந்தது. கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

கட்டைவிரலில் ஆரம்பித்தாள். மூன்றாவது விரலுக்கு வந்தபோது சின்னவள் எழுந்து பக்கத்தில் போய், நகத்துண்டுகள் தரையில் விழாதபடி உள்ளங்கையை நீட்டினாள்.