ரோஸ் மருந்து

எந்தக் கட்டடத்தைச் சொன்னாலும் அதன் லிஃப்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று அந்த மெக்கானிக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். சொந்த மகள் எத்தனை கிலோ என்று மருந்துக்கடை அக்கா கேட்டபோதுதான் திருதிருவென்று விழித்தான்.

"பதிமூணு... பதினஞ்சு இருக்கும்க்கா."

"பழைய பேப்பரா என்ன, குத்துமதிப்பா சொல்றதுக்கு? அந்த மிஷின்ல ஏறுங்க. முதல்ல பிள்ளையோட. அப்புறம் பிள்ளையை இங்க உக்கார வச்சிட்டுத் தனியா."

ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறினான். சிட்டுவை மேஜைமேல் உட்கார வைத்த அந்த ஒரு நிமிஷம்கூட அவள் அவன் சட்டையை விடவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நாலு வயதுப் பிள்ளை. வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள், இன்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவனும் சிட்டுவின் அம்மாவும் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சண்டையெல்லாம் ஓய்ந்துபோய் இப்போது இருவருக்கும் நடுவில் மிஞ்சியிருப்பது மரியாதை ஒன்றுதான். அதற்குச் சண்டையே தேவலை என்று அவனுக்குச் சில சமயம் தோன்றும். சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிப் போகலாம், சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும் என்பது ஏற்பாடு. நடையாய் நடந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டு, இந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாக ராத்திரி தங்க அனுமதி வாங்கியிருந்தான். அதிலும் ஒரு நிபந்தனை. "உடம்புக்கு ஏதாச்சும்னா ஒரு நிமிஷம் வச்சிருக்கக் கூடாது. உடனே கொண்டுவந்து விட்டுடணும்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவனுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. முயல் படம் போட்ட தலையணை வாங்கினான். சின்னதாக ஒரு பல் துலக்கும் பிரஷ் வாங்கித் தன்னுடையதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். ஒற்றைக் கட்டிலைச் சுவரோரம் தள்ளினான், பிள்ளை புரண்டு விழுந்துவிடக் கூடாதே என்று. வேலை முடிந்து வந்து அந்தத் தலையணையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். சொன்னால் சிரிப்பார்கள், தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சிட்டு வந்தாள். தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பும்போது கழுத்து சுட்டது. நியாயமாக அவன் அந்த நிமிஷமே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. டாக்டரிடம் போனால் விஷயம் அம்மா காதுக்குப் போய்விடும், மருந்துக்கடைக்குப் போனால் ஒரு பாட்டிலோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டான், மடையன்.

மருந்துக்கடை அக்கா அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"

"இல்லக்கா."

அவன் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். அவன் கூட்டி வருவதற்கு முன்னால் யார் என்ன கொடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் 'இல்லை' வந்துவிட்டது. அக்கா மூடியில் அளவுக் கோட்டைக் காட்டப் போனாள்.

"நான் ரோஸ் மருந்து குடிச்சேனே," என்றாள் சிட்டு.

அக்காவின் கை நின்றது. "எப்போடா கண்ணு?"

"ஷூ போடறப்ப."

காலையில் பிள்ளையைக் கூட்டி வரப் போய் அவள் அம்மா வீட்டு வாசலில் அவன் காத்திருந்தபோது, உள்ளேதான் ஷூ போட்டார்கள்.

"ரோஸ் மருந்துன்னா எது தம்பி?"

"அவ ஏதோ சொல்றாக்கா. சத்து மருந்தா இருக்கும்."

"இருக்கும்னு சொல்லாதீங்க. எங்கிட்டயே ரோஸ் கலர்ல ஏழெட்டு இருக்கு. சளிக்கு இருக்கு, பூச்சிக்கு இருக்கு, காய்ச்சலுக்கும் இருக்கு. அது காய்ச்சல் மருந்தா இருந்தா இதுவும் அதுவும் ஒண்ணுதான், கலர்தான் வேற. மேல மேல குடுத்தா ஈரலைப் பதம் பார்த்துடும்." பாட்டிலை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள். "அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"பாதி அளவு குடுத்துப் பார்க்கலாமாக்கா?"

"பாதி உண்மையைச் சொல்லிட்டு பாதி மருந்து கேக்கறீங்களா?"

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் சொன்னான். "போன் போட்டா இப்பவே கொண்டுவந்து விடச் சொல்லிடுவாங்கக்கா. ராத்திரி தங்க இன்னைக்குத்தான் முதல் தடவையா விட்டிருக்காங்க."

அக்கா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து சிட்டுவின் நெற்றியில் போட்டாள். "புரியுது தம்பி," என்றாள். "போடுங்க."

போட்டான். மறுமுனையில் சிட்டுவின் அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டாள். திட்டு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். விழவில்லை.

"காய்ச்சல் மருந்துதான் குடுத்தேன்," என்றாள். "காலையில எழுந்திரிக்கறப்பவே லேசா சூடு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அனுப்பினே?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தா. சாப்பிடறப்பகூடக் கழட்டலை. போக வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

ஏக்கமெல்லாம் தன் ஒருவனுக்குத்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பையும் அதைச் சுமந்துகொண்டு காத்திருந்திருக்கிறது. நிபந்தனை போட்டவளே அதை மீறிவிட்டு, ஒரு வாய் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையை அவனிடம் அனுப்பியிருக்கிறாள்.

"கடைக்காரங்ககிட்ட போனைக் குடுங்க," என்றாள்.

இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வேளை எப்போது கொடுக்கலாம், தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும், மூச்சு வாங்கினாலோ எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ மருந்துக்கடையை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றெல்லாம் அக்கா சொன்னாள். போன் திரும்ப அவன் கைக்கு வந்தது.

"தங்கட்டும்," என்றாள் சிட்டுவின் அம்மா. "நாளைக்குக் கொண்டுவந்து விடுங்க."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சிட்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ராத்திரி அப்பாகூடத்தான். முயல் தலையணையில தூங்கலாம், என்ன?" என்றான்.

"அம்மா எப்ப வருவாங்க?"

"அம்மா வர மாட்டாங்கடா. நாளைக்கு நாம போகலாம்."

அழுவாள் என்று பார்த்தான். அழுதால் சமாதானம் செய்யலாம், கதை சொல்லலாம், ஏமாற்றலாம். சிட்டு அழவில்லை. "சரி," என்றாள். அவளுடைய அம்மா அவனிடம் சொல்கிற அதே சரி. நாலு வயதில் அந்தச் சரியைக் கற்றுக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் அம்மாவைத் தேடுகிற பிள்ளை, கேட்டால் யாருக்கோ கஷ்டமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டது.

கைக்கு வந்த ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது எத்தனை சிரமம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு மறுபடி போன் போட்டான்.

"கூட்டிட்டு வரேன்."

"நான் தங்கட்டும்னுதானே சொன்னேன்?"

"ஆமா. அவளுக்கு நீ வேணும்."

"பார்த்து வாங்க," என்றாள். இத்தனை நாளாக அவனிடம் அவள் பேசிய குரல் அது இல்லை.

கடைக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். நிழலில் உட்கார்ந்தான். சிட்டு அவன் நெஞ்சில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அவளுடைய சூடான மூச்சு சட்டையைத் தாண்டி உறைத்தது. அந்தத் தடத்து பஸ் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. எத்தனை நாள் அதைத் திட்டியிருக்கிறான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது இப்படி நினைப்பது பாவம் என்று தெரிந்தும், இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் தாமதமாக வரட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. உட்கார இடமும் இருந்தது.