குழாயடிக் கோப்பை

"டீச்சர், குடிச்சிட்டு நீங்களே கழுவி, அங்கனயே கவுத்து வச்சிருங்க லா," என்றாள் மாரியம்மா. ஓரம் பூச்சு பெயர்ந்த மங்குக் கோப்பையில் தேநீர், வீட்டுக்கு வெளியே குழாயடித் திட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

பீடோர் டவுனுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குக் கெர்ட்ரூட் ஆசிரியையாக வந்து சேர்ந்த நாள் அது. ஆசிரியர் வீடு இல்லாததால், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் வீட்டுப் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. பள்ளி வாரியத்துக்கும் அவர்தான் தலைவர். வாடகை வாங்கக் கூசாத வீடு, ஒரு கிளாஸ் கொடுக்கக் கூசியது. சித்தியவான் பக்கத் தோட்டத்தில் அவள் குடும்பம் எந்தச் சாதியாரின் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தது என்பதைக் கிராணியின் மனைவி மாரியம்மா முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள். ஞானஸ்நானப் பெயர் அந்தக் குழாயடியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கெர்ட்ரூட் குடித்தாள், கழுவினாள், கவிழ்த்தாள். இதற்குப் பதில் கொடுக்காமல் இந்தத் தோட்டத்தை விட்டுப் போவதில்லை என்று கறுவிக்கொண்டாள். மன்னிப்பதுதான் அழகு என்று பாதிரியார் சொல்வார். பாதிரியாருக்கு யார் குழாயடியில் தேநீர் வைத்தார்கள்?

பள்ளியில் ஒருநாள், "சோறும் காயும் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

"கடையிலேருந்து டீச்சர்!"

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம்; வாயில் வைக்க ஓர் இலை கிடையாது. பள்ளிக்குப் பின்னால் பாத்தி கட்டி, வெண்டையும் பயற்றங்காயும் கங்கோங் கீரையும் போட வைத்தாள். காய்ப்புக்கு வந்ததும் விருந்து. அதற்குத் தாப்பா டவுனிலிருந்து கல்வி அதிகாரியே வருவதாக ஏற்பாடு.

கிராணி பார்வையிட வந்தார். "கடைசி லயத்துப் பிள்ளைங்கள பாத்தியில எறக்காதீங்க டீச்சர். அதுங்க தொட்டத நாங்க எப்பிடி வாயில வைக்கிறது?"

செல்லாயி மகள் பாப்பா, தான் ஊன்றிய வெண்டைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த டின்னைக் கிராணி பிடுங்கவில்லை. பிடுங்கினால் தொட வேண்டுமே! கீழே வைக்கச் சொன்னார்.

அந்த வாரமே முன் லயத்துத் தாய்மார்கள் அவர் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். "எங்க பிள்ளைங்க சாணி அள்ளவா இஸ்கோலுக்குப் போவுது?"

கிராணி தலையைச் சொறிந்தார். "சரி டீச்சர், மண்ணு வேல, சாணி வேலய அதுங்களே பாக்கட்டும். பறிக்கிறது, ஆக்குறது நம்ம பொம்பளைங்க."

"சரிங்க," என்றாள் கெர்ட்ரூட். தேதி குறிப்பது அவள் பொறுப்பு. சம்பள நாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் குறித்தாள். அன்று முன் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தோட்டத்து லாரியில் பீடோருக்குப் போய்விடுவார்கள். துணிக்கடை, படம் என்று பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். கடைசி லயத்தாரை அந்த லாரியில் ஏற்றுவதில்லை. தோட்டத்தில் மிஞ்சுவது அவர்கள்தான்.

இது கிராணிக்கு உறைக்கவே இல்லை. அடுப்பு எப்படி எரிகிறது என்று எந்த ஆம்பிளை யோசித்தான்! பெண்களோ, வேறு யாராவது இருந்து சமைப்பார்கள் என்று லாரி ஏறிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கெர்ட்ரூட் மாதாகோயில் பூசைக்குப் போகவில்லை. கடைசி லயத்தில் நின்றாள்.

"நாங்க ஆக்குனது தெரிஞ்சா கொன்னுப்புடுவாங்க டீச்சர்," என்றாள் செல்லாயி.

"தெரியணும்க்கா. தின்னு முடிச்சப்புறம் தெரியணும்."

செல்லாயி குனிந்து அடுப்பை ஊதினாள்.

மதியம் பள்ளியில் விருந்து; முன் லயத்துப் பையன்கள் சிலர் பரிமாறினார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிராணி, வெண்டைக்காய் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். நீளமாக ஓர் ஏப்பமும் விட்டார். அதற்காகத்தான் கெர்ட்ரூட் காத்திருந்தாள்.

"படிச்சதச் சொல்லு பாப்பா."

பாப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "இந்த வெண்டைக்கா கடையிலேருந்து வரல. வெத ஊனுனது நான். சாணி சுமந்தது எங்கண்ணன் மாயாண்டி. பறிச்சது நாங்க. சாம்பாரு வச்சது எங்கம்மா செல்லாயி, எங்க வீட்டுப் பானையில."

கிராணியின் கை இலையிலேயே நின்றது. தமிழ் தெரியாத அதிகாரிக்குக் கெர்ட்ரூட் அத்தனையையும் மலாய் மொழியில் சொன்னாள். "செடாப், செடாப்!" என்று ருசியை மெச்சிய அந்த மனிதர், சமைத்தவளையே கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார், கிராணி தோளைத் தட்டி அவருக்கும் ஊற்றச் சொன்னார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு எந்த மொழியில் பதில் சொல்வது?

செல்லாயி ஊற்றினாள். கிராணி தின்றார். ஒவ்வொரு கவளமும் அவர் தொண்டையில் இறங்குவதைக் கெர்ட்ரூட் பார்த்தாள். அவளுக்கு இனித்தது.

பொழுது சாய்ந்து லாரி வந்தது. மாரியம்மா வீடு வந்து சேரும் முன்பே சேதி அவள் காதுக்கு வந்துவிட்டது. குழாயடியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கிராணியை வாசலிலேயே மறித்தாள்.

"அங்கனயே நில்லுங்க."

"அடியே, குளிச்சிட்டேன்லா. ஒரு டீயாவது குடு."

"அவளுக அடுப்புல தின்ன வாயிக்கு என் வீட்டு கிளாஸு கேக்குதா? கோயில்ல கேட்டுத் தீட்டுக் கழிக்கிற வரைக்கும் எல்லாம் வெளியிலதான்."

தேநீர் வந்தது, அந்த மங்குக் கோப்பையில். குழாயடித் திட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கிராணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தார்.

பின்னறைப் படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள் கெர்ட்ரூட்.

"குடிச்சிட்டு நீங்களே கழுவி, அங்கனயே கவுத்து வச்சிருங்க கிராணியாரே," என்றாள். "காலையில எனக்கு வேணும்."

கிராணி கழுவினார்.