ஒரே கூட்டில் இரண்டு பஞ்சு

என் மைத்துனன் ராய்ஸ் ஈயம் உருக்கும் கொட்டகையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் என்னால் நிற்க முடிந்ததில்லை. டயர் கடையிலிருந்து வாளி வாளியாக வாங்கி வரும் கார் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைகளை, கிரீஸும் ஸ்டிக்கரும் சிகரெட் துண்டும் சேர்ந்தபடியே, இரும்புச் சட்டியில் கொட்டுவான். மஞ்சள் புகை எழும்பும். அழுக்கை வழிக்க வைத்திருக்கும் கரண்டி ஒரு காலத்தில் அவன் அம்மாவின் சூப் கரண்டி. ஒரு கையால் அச்சில் துப்பாக்கிக் குண்டு ஊற்றிக்கொண்டே, கரி படிந்த மறு கையால் டோனட் தின்பான். வாயில் அதக்கிய புகையிலையைக் காப்பி டப்பாவில் துப்புவான். பாதி டப்பாவுக்குள் போகும், பாதி டப்பாவின் மேல். பிஸ்கட் என்ற அவன் கிழட்டு நாய், ரோமம் உதிர்த்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

மொன்டானாவில் எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்த மனிதன் ஊற்றிய குண்டைத்தான் சுடுகிறார்கள். மலிவு.

என் மனைவி ஐடெல்லாவுக்குப் போன வருடம் பனியில் வழுக்கித் தோள் எலும்பு நொறுங்கியது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அவளிடம் அவள் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறது. கட்டை விரல் நுழையும் அளவுக்குப் பெரிய குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. தோட்டாவில் முழு அளவு வெடிமருந்து போட்டால் குதிரை உதைத்தது போல உதைக்கும். அந்த உதையை இனி அவள் தோள் தாங்காது.

ஆனால் இந்த வருடம் அவள் சுட்டே ஆகவேண்டும். எங்கள் கிளப்பில் செப்டம்பர் மாதம் இரும்புத் தகட்டில் வெட்டிய காட்டெருமையைச் சுடும் நாள் ஒன்று உண்டு. கிளப்பைத் தொடங்கியவர்களில் அவள் அப்பாவும் ஒருவர் என்பதால் சுடுபவர்கள் உட்காரும் முதல் மேசையில் அவர் பெயர்ப் பலகை. அன்றைய முதல் குண்டு அந்தத் துப்பாக்கியிலிருந்துதான் போகும். தொடர்ந்து இரண்டு வருடம் சுடாவிட்டால் மேசை வேறு ஆளுக்குப் போய்விடும். போன வருடம் அந்த நாளில் அவள் தோள் இன்னும் கட்டில் இருந்தது.

“மருந்தக் கொறச்சுப் போட்டு நானே செஞ்சு தரேன்,” என்றேன்.

“ராய்ஸு கேட்டுட்டான், லேலண்ட். அப்பா துப்பாக்கிய எனக்குக் குடுத்ததுல இருந்து அவன் என்கூட நேரா பேசினதே இல்ல. இப்பதான் வாயத் தொறந்து, ‘நான் செஞ்சு தரேன்’னு வந்திருக்கான். வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“அவன் கையப் பாத்தியா?”

“கை அழுக்கா இருந்தா குண்டு நேராப் போகாதா?”

இதற்குப் பதில் உண்டு, ஆனால் நீளமானது. பெரிய தோட்டாக் கூட்டில் மருந்தைக் குறைத்துப் போடுவது சின்ன விஷயமில்லை. வேகமாக எரியும் மருந்தில் ஒரு சிட்டிகைதான் போடவேண்டும். கூட்டில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். அந்தக் கூட்டில் ஞாபகமறதியாக இன்னொரு முறை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது குழல் பிளக்கும். நான் எல்லாக் கூட்டிலும் மருந்து போட்ட பிறகு, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் குண்டைச் சொருகுவேன். ராய்ஸ் அப்படியில்லை. ஒரு கூட்டில் மருந்து, உடனே அது சிதறாமல் அடியில் கிடக்க அதன் மேல் ஒரு துணுக்குத் தலையணைப் பஞ்சு, பிறகு அடுத்த கூடு. பஞ்சு மூடிய பிறகு டார்ச் அடித்து என்ன பயன்?

இதைச் சொன்னபோது சிரித்தான். “மச்சான், நீ பால் பாட்டிலுக்குக்கூட மூணு தடவை டார்ச் அடிப்ப. உன் தோட்டாவ விட உன் பேச்சுதான் மெல்ல வெடிக்குது.”

கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுடும் நாளன்று காலை நல்ல வெயில். கிளப் தலைவர் ஆர்லிஸ் பென்ரோட் விதிகளை வாசித்தார். ஐந்து குண்டு, குறித்த நேரத்துக்குள். மேசையில் உட்கார்ந்தவரின் துப்பாக்கியை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் உட்கார்ந்தவரின் ஆட்டம் முடிந்தது.

ஐடெல்லா அப்பாவின் மேசையில் உட்கார்ந்தாள். தோளில் துப்பாக்கி உதைக்கும் இடத்தில் மடித்த துண்டு. பக்கத்தில் ராய்ஸ் தூரக்கண்ணாடியோடு நின்று, “பயப்படாத, ஐடி. பூனை தும்மினாப்புலதான் இருக்கும்,” என்றான்.

முதல் குண்டு போனது. தொலைவில் இரும்பு கணீரென்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தோளைத் தட்டி, வலிக்கவில்லை என்று தலையசைத்தாள். அந்த முகத்தைப் பார்த்து, ராய்ஸைப் பற்றி நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது ‘டப்’ என்றது. புட்டி மூடி கழன்ற சத்தம். துப்பாக்கி அசையவே இல்லை. எருமைக்குப் பின்னால் மண்மேட்டில் தூசி எழும்பவில்லை.

“தவறிப்போச்சு!” என்று ராய்ஸ் கத்தினான். “சீக்கிரம் அடுத்தது போடு, நேரம் ஓடுது!”

“எங்க விழுந்துச்சு?” என்று கேட்டேன்.

“மேல போயிருக்கும். நீ பேசாத மச்சான், அவ கவனம் செதறுது.”

அதற்குள் அவள் பழைய கூட்டை உருவிப் போட்டு அடுத்த தோட்டாவை நுழைத்துவிட்டாள். உருவின கூடு என் காலடியில் உருண்டது. எடுத்து உள்ளே பார்த்தேன். புகைக்கரி ஒரு பொட்டுகூட இல்லை, கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளத்தது. அடியில் தீப்பொறி தரும் கேப் மட்டும் வெடித்திருக்கிறது, மருந்தே இல்லை. அப்படியானால் குண்டு எங்கே?

அவள் விரல் விசைக்குப் போவதற்குள் நான் பாய்ந்து, துப்பாக்கியில் கேப்பை அடிக்கும் குதிரைக்கு அடியில் என் கட்டை விரலைக் கொடுத்துத் தடுத்தேன்.

“என்ன பண்றீங்க!” என்றாள்.

“தொட்டுட்டார்! தொட்டுட்டார்!” என்று யாரோ கத்தினார்கள்.

தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, குழலின் வாய்வழியாகத் துடைக்கும் கம்பியை விட்டேன். வழியிலேயே முட்டி நின்றது. குண்டு குழலுக்குள் சிக்கியிருந்தது. ஐடெல்லா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததைச் சுட்டிருந்தால் அடைப்பின் மேல் மோதிக் குழல் பிளந்திருக்கும், அவள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

“இதப் பிரிங்க,” என்று கையிலிருந்த தோட்டாவை நீட்டினாள்.

எங்கள் கிளப்பில் தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல்போல ஒரு கருவி இருக்கிறது. மேசையில் தட்டினேன். குண்டு விழுந்தது. அதன் பின்னால் ஒரு உருண்டைப் பஞ்சு, அதில் நரைத்த நாய் ரோமம். பிறகு மருந்து. போதும் என்று நினைத்தபோது, இன்னும் ஒரு தட்டில் இன்னொரு பஞ்சு வந்தது. அதிலும் ரோமம். அதற்கடியில் மறுபடியும் மருந்து.

பக்கத்துக் கூட்டுக்குப் போகவேண்டிய மருந்தும் இதற்குள்ளேயே வந்துவிட்டது.

“இது தலையணைப் பஞ்சா?” என்றாள் ஐடெல்லா.

ராய்ஸ் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். “பிஸ்கட்டோட மெத்தைதான். பழசு. எரியறதுதானே, எதுவா இருந்தா என்ன? நடுவுல நாய் வாந்தி எடுத்துடுச்சு. தொடைக்க எழுந்து போனேன். திரும்பி வந்து உக்காந்தப்ப முடிச்ச கூட்டுலயே இன்னொரு தடவ போட்டுட்டேன், அடுத்தது விட்டுப்போச்சு போல.”

“போலவா?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஐடி. உன் புருஷன் எப்பவும் இப்படித்தான், ஒண்ணுமில்லாததப் பெருசாக்குவான்.”

யாராவது ஒருவர் அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். இருபது பேராவது நின்றார்கள். பிறகு ஒருவன், “நாய் மருந்துல வாந்தி எடுக்காம இருந்துச்சே, அதச் சொல்லு,” என்றான். சிரிப்பு கிளம்பியது. ராய்ஸ்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

ஆர்லிஸ் தொண்டையைச் செருமினார். “லேலண்ட், நீ செஞ்சது சரிதான், நான் மறுக்கல. ஆனா துப்பாக்கியத் தொட்டுட்ட. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஐடெல்லா ஆட்டம் முடிஞ்சுது. அஞ்சும் சுடாததால இந்த வருஷமும் கணக்குல வராது. மேசை கைமாறணும். ஆனா கவலைப்படாத, அது குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும். ராய்ஸ் எடுத்துக்கட்டும்.”

“ராய்ஸா?” என்றாள் ஐடெல்லா.

“அவனும் அவர் புள்ளைதானே.”

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கத்தால் அல்ல, காப்பி டப்பாவில் துப்புவதற்காக.

மதியம் பீன்ஸும் இறைச்சியும் போட்ட குழம்பு பெரிய பானையில் வந்தது. பானை வைத்த அதே மேசையின் ஓரத்தில் ராய்ஸ் தன் குண்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்தான். ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்று, குழம்பையும் வாங்கிக்கொண்டு அடுத்த சீசனுக்குக் குண்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆர்லிஸ் இரண்டு பெட்டி எடுத்தார். ஐடெல்லா போய் அந்த இரண்டு பஞ்சையும் பானைக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். கிளப் ஆள் ஒருவன் ரொட்டித் தட்டுக்கு இடம் வேண்டுமென்று அவற்றைப் புறங்கையால் தள்ளிவிட்டான். பசியோடே கிளம்பினோம்.

காரில் அவள், “என்கூடப் பேசணும்னு வந்தான்னு நெனச்சேன்,” என்றாள். “நம்ம ஈயச் சட்டியக் கழுவி வைங்க.”

சிக்கிய குண்டை எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி வெளியே எடுத்தேன். குழலுக்குச் சேதமில்லை. சுத்தமான ஈயம் வாங்கி, மெழுகு போட்டு அழுக்கு நீக்கி, சுருக்கம் விழுந்த குண்டையெல்லாம் திரும்பச் சட்டியிலேயே போட்டு ஊற்றினோம். அவள் மருந்து போட்டாள், நான் டார்ச் அடித்தேன். பிறகு அவள் அடித்தாள், நான் பார்த்தேன்.

அக்டோபரில், ஆளில்லாத ஒரு வாரநாளில் கிளப்புக்குப் போனோம். முதல் மேசையில் அவள் அப்பாவின் பெயரைக் கழற்றி ராய்ஸின் பலகையைத் திருகியிருந்தார்கள். பலகைமேல் புகையிலை எச்சில் பழுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. ஐடெல்லா அதைத் தொடவில்லை. காரிலிருந்து செய்தித்தாள் எடுத்து வந்து மேசை முழுக்க விரித்தாள். அதன் மேல் முழங்கையை ஊன்றி ஐந்தும் சுட்டாள்.

ஐந்துக்கும் இரும்பு கணீரென்றது. குறித்துக்கொள்ள யாருமில்லை. தோள் வலிக்கிறதா என்று கேட்டேன்.

“இல்ல,” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை ஓரம் பிடித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். “கைய கழுவணும். தண்ணி இருக்கா?”