நடுக்குளத்தார் வாங்கிய புரொப்பல்லர்

பார்சல் வந்ததும் அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. மனைவி சொல்லவில்லை. கொஞ்சம் தேடட்டும் என்று விட்டுவிட்டாள். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பழைய செய்தித்தாளை விரித்து மூன்று புரொப்பல்லர்களை வரிசையாக வைத்தார். ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், இரண்டே இறக்கை. அடுத்தது பித்தளை, மூன்று இறக்கை. கடைசியும் பித்தளைதான், நான்கு இறக்கை, ஒவ்வொன்றும் கட்டை விரல் நகம் மாதிரி அகலமாக, அதிகம் முறுக்கில்லாமல் இருந்தது. அலமாரி உச்சியில் ஒரு வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்த சிவப்புப் பொம்மைப் படகையும் அதன் ரிமோட்டையும் இறக்கித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"நல்லதா ஒண்ணு போடணும்மா. எத்தனை காலத்துக்கு அந்தப் பழசையே போட்டு ஓட்டுறது?"

நல்லதா ஒன்று. அவளுக்குச் சுருக்கென்றது. எதிரே இருந்த தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒரு புரொப்பல்லருக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பழைய புரொப்பல்லரைப் பற்றித் தெரியாது. பூங்காவின் குளத்தில் அவளுடைய அப்பா வாடகைப் படகு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. துடுப்புப் போடுவதில் அவளை மிஞ்ச அந்தக் குளத்தில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில், தெருமுனையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடை வைத்திருந்த இளைஞன் ஒருவன், தானே செய்த இந்தச் சிவப்புப் படகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவான். தண்ணீரில் விட்டதுதான் தாமதம், படகு பிய்த்துக்கொண்டு போகும். கரையில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். சரியாக நடுக்குளத்தில் போய் அப்படியே நின்றுவிடும். மோட்டார் சூடேறி, பேட்டரி காலியாகி, குளத்து வாத்துகள் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

குளத்தில் நீந்தக் கூடாது. "போம்மா, அந்தத் தம்பியைக் கூட்டிட்டுப் போய் எடுத்துக் குடு" என்பார் அப்பா. பொம்மைக்குச் சொந்தக்காரர் கூடவே வந்து தன் கையால்தான் அதை எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். நாளைக்கு உடைந்தது, ஒடிந்தது என்று ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்கள். ஆக, அவள் துடுப்புப் போட, எதிர்ப் பலகையில் அவன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும் அதே. குளக்கரை மொத்தமும் சேர்ந்து அவனுக்கு நடுக்குளத்தார் என்று பெயர் வைத்தது. "பாவம், மோட்டார் வேலை தெரிஞ்ச அளவுக்கு இவனுக்குப் படகு வேலை தெரியல" என்று உச்சுக் கொட்டினார்கள்.

அவளுக்குச் சந்தேகம் வர அதிக நாளாகவில்லை. ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் காதை வைத்தே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்கிற ஆளுக்கு, இந்தச் சின்ன மோட்டாருக்கு இவ்வளவு பெரிய புரொப்பல்லர் தாங்காது என்று தெரியாதாமா? ஒருநாள் அவனுடைய பெட்டி திறந்து கிடந்தபோது எட்டிப் பார்த்தாள். அளவான, சின்ன புரொப்பல்லர் ஒன்று, துணியில் சுற்றி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பார்த்ததை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அந்த மகளுக்கும் கல்யாணம் ஆன பிறகும் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படகு நடுக்குளத்தில் நின்றது. அவள் துடுப்புப் போட்டாள். தான் முழுகாமல் இருப்பதை அவரிடம் சொன்னது அங்கேதான். கடையை மூடிவிடலாமா என்று அவர் கேட்டதும் அங்கேதான். வீட்டில் சொல்ல வராத எதுவும் அந்தப் படகில் தானாக வந்துவிடும்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தோளில் தகடு வைத்தார்கள். கை மேலே போகும், கீழே வரும். துடுப்பு மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் டாக்டருக்கு ஒரு படி மேலே. "அம்மா, துடுப்பத் தொட்டேன்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிப்பேன்" என்று போனில் மிரட்டினாள். அன்று அலமாரி உச்சிக்குப் போன படகுதான்.

இப்போது நல்ல புரொப்பல்லராம். அப்படியென்றால் படகு போகும், திரும்பி வரும். யாரும் போய் எடுக்க வேண்டாம். அவளும் வேண்டாம்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். துணி ஊறவைக்கிற பெரிய தொட்டியை நிரப்பி அதில் படகை விட்டிருந்தார். படகின் வாலில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் காய்கறி நிறுக்கிற கொக்கித் தராசு, அது குழாயில் கட்டியிருந்தது. மோட்டாரை ஓடவிட்டார். படகு முன்னால் போகப் பார்த்தது, நூல் விறைத்தது, தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது. தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. மோட்டார் மீது விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பிளாஸ்டிக் வேலைக்காகாது. சும்மா தண்ணியக் கலக்குது" என்றார், அவளிடமா தராசிடமா என்று தெரியாமல்.

மூன்று இறக்கைப் பித்தளையும் தேறவில்லை. நான்கு இறக்கையை மாட்டியதும் முள் மளமளவென்று ஏறியது. மோட்டாரில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. முகமெல்லாம் பல்.

"பாத்தியா! சூடே இல்ல. வேகம் கம்மிதான், ஆனா மாடு மாதிரி இழுக்குது."

"இனிமே யாரும் துடுப்புப் போட்டுப் போக வேண்டியதில்லை. அதானே?"

"அதேதான்! யாரும் துடுப்பத் தொடவே வேணாம்" என்றார் சந்தோஷமாக.

அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. சிலருக்கு அப்படி ஒரு பாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். "நீ வரலைன்னா இத யாருக்காக மாட்டினேன்?" என்று அவர் செருப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனாள்.

வாடகைப் படகை இப்போது அவள் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். "வாங்க நடுக்குளத்தாரே! எங்கடா ஆளக் காணோமேன்னு பாத்தேன்" என்று அங்கிருந்தே கத்தினான்.

அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். சிவப்புப் படகு போய்விட்டுத் திரும்பி வருவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் ஒரு பொம்மைப் படகுக்காகவா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"மாப்ள, அந்தப் பச்சைப் படகக் குடு" என்றார் அவர்.

"யாரு மாமா துடுப்புப் போடுறது? அக்காவுக்கு முடியாது. நான் வரவா?"

"நீ வேணாம். வெயிலுக்குள்ள போய் உக்காரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அவனை விரட்டினார்.

பிறகு பச்சைப் படகின் மூக்கில் ஒரு கயிற்றைக் கட்டினார். மறுமுனையைச் சிவப்புப் படகின் வாலில் கட்டினார். அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவளுக்குத் தொட்டியும் தராசும் அப்போதுதான் விளங்கின. எழுந்து போய், அவர் கையைப் பிடித்துப் படகில் இறங்கினாள். கால் தானாகத் துடுப்புப் பலகையை நோக்கிப் போனது. அதில் அவர் உட்கார்ந்துகொண்டு எதிர்ப் பலகையைக் காட்டினார். இத்தனை வருடத்தில் அந்தப் பலகையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

ரிமோட்டை அழுத்தினார். கயிறு விறைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. கரையில் தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் படித்துறை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போனது. முழங்கை நீளப் படகு இரண்டு பெரிய மனிதர்களை இழுத்துக்கொண்டு போனது. ஒரு வாத்து அவர்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு படகு ஓட்டுவதிலேயே குறியாக இருந்த அவர் அதைப் பார்க்கவில்லை.

நடுக்குளத்தில் சிவப்புப் படகு நின்றது.

"சார்ஜ் போயிடுச்சா?"

"பாதிகூடத் தீரலை."

"சூடாயிடுச்சா?"

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கும்."

"பின்ன ஏங்க நின்னுடுச்சு?"

அவர் ரிமோட்டைக் காலடியில் வைத்துவிட்டு, பலகையில் அப்படியே அவள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அது எப்பவும் இங்கதானம்மா நிக்கும்" என்றார்.