கக்கிய சூப்பில் சிரிப்பு எங்கே?

மூன்றாவது அத்தியாயத்தில் சமையல் இயந்திரம் பச்சைக் குழம்பைக் கக்கியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழாவது அத்தியாயத்தில் அதே இயந்திரம் அதே குழம்பைக் கக்கியபோது அவளுக்குக் குமட்டியது. ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

விண்வெளிக் கப்பலில் நடக்கும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் அது. ஏழாவது அத்தியாயத்தில் கப்பலில் உணவு தீர்ந்துவிடுகிறது. இயந்திரம் தான் என்றோ விழுங்கியதையெல்லாம் கக்கிச் சூப்பாகப் பரிமாறுகிறது. நூலாக இழுபடும் சளி, மிதக்கும் கால்நகம், கரண்டியில் சுற்றிய முடி. கப்பலில் இருக்கும் எல்லோரும் கிண்ணத்தை நீட்டி, இன்னும் இன்னும் என்று வாங்கிக் குடிக்கிறார்கள்.

அவள் எழுதும் விமர்சனப் பத்திக்கு ஒரு விதி உண்டு. நல்லது, மோசம் என்று சொன்னால் போதாது. எந்தத் திருகு கழன்றது என்று காட்டவேண்டும். இந்த முறை திட்டி மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள். பத்திரிகை ஆசிரியர் உடனே போனில் வந்தார்.

"என்னம்மா, நாலு பாராவும் அருவருப்பு அருவருப்புன்னே இருக்கு? ச்சீன்னு சொல்ல வாசகருக்கே வாய் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள காரணம் வரலேன்னா உங்க பத்தியை நிறுத்திடறேன். அந்த இடத்துல தயாரிப்பாளர் அனுப்பின பாராட்டைப் போட்டுக்கலாம்."

"அந்தக் கருமத்துக்குப் பாராட்டா சார்?"

"அப்ப காரணத்தைக் குடுங்க."

ஏழாவதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தாள், குமட்டியது. நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள்; பச்சை சாம்பலானதே தவிர குமட்டல் போகவில்லை. கக்கல் நீளமோ என்று மூன்றாவதோடு ஒப்பிட்டாள். மூன்றாவதில்தான் அதிக நீளம். சளி தொண்டைக்குள்ளேயே இழுபடுவதுபோல் இருந்தது. எச்சில் விழுங்கவே கூசியது.

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் தம்பி வேலை முடிந்து வந்து, ரொட்டியும் முட்டையுமாகத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இந்த அசிங்கத்துல என்னடா சிரிப்பு?"

"அதை யாரு பாத்தா? உன் மூஞ்சியைப் பாருக்கா, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி!"

அவளுக்குப் பொறி தட்டியது. மூன்றாவது அத்தியாயத்தை ஓடவிட்டாள். இயந்திரம் கக்கிய மறுநொடி கப்பல் தலைவரின் முகம் வந்தது: ஒரு கண் மூடி, உதடு காதுவரை இழுத்துக்கொண்டு. அவள் சிரித்தது அங்கேதான். ஏழாவதில் அப்படி ஒரு முகம்கூட இல்லை.

"நான் உள்ள போறேன். நீ தனியா உக்காந்து ஏழாவதைப் பாரு."

"நாள் முழுக்க ஊரார் வாயைக் கழுவுறவன் நான். என்னையே மிரட்டுறியா?"

சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்புச் சத்தம் இல்லை. தட்டு மேசையில் நகரும் ஓசை மட்டும் கேட்டது.

"அக்கா, இந்த முட்டை எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போயிடு, புண்ணியமாப் போகும்."

கணினியில் தலைவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஏழாவதில் கக்கலுக்கு அடுத்து ஒட்டினாள். மாட்டேன் என்றவனை இழுத்து உட்காரவைத்தாள். முகம் வந்ததும் அவன் பக்கென்று சிரித்துவிட்டான். முட்டையை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் எழுதி அனுப்பினாள்:

"அருவருப்பு சிரிப்பாக மாற, நமக்காக முகம் சுளிக்க ஒருவர் திரைக்குள் வேண்டும். இந்த அத்தியாயத்தில் எல்லோரும் ருசித்துக் குடிப்பதால், சுளிக்கும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. சுளிப்பவருக்குச் சிரிப்பு வராது. கக்கியதும் கப்பல் தலைவரின் சுளித்த முகத்தை ஒரு நொடி காட்டினால் காட்சி சரியாகிவிடும்."