முடிச்சு அவிழாத பிரசவ வண்டி

பிள்ளையார்பாளையத்து மாதர் நலச் சங்கம் ஊருக்கு உழைக்கத் தயாராகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. வலி எடுத்த பெண்களை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க, வீடு வீடாகப் பணம் தண்டி வாங்கிய வண்டி. நீல வண்ணம், புது மெத்தை, முதுகில் கொட்டை எழுத்தில் ‘பிரசவ வண்டி – தலைவி: தையல்நாயகி சபாபதி’. பிரசவத்தைவிடத் தலைவி ஒரு சுற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது பெயின்டரின் பிசகு என்றாள் தையல்நாயகி. பெயின்டர் வேறு மாதிரி சொன்னான்.

வண்டிக்கு எல்லாம் இருந்தது, திறப்பு விழாதான் இல்லை. ஒரு பெரிய அதிகாரியின் மனைவி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. அந்த அம்மாள் முதலில் கருட சேவைக் கூட்டத்துக்குப் பயந்தார். பிறகு ஆடி பிறந்துவிட்டது. பிறகு அவருக்கே காய்ச்சல். வண்டியோ கோயில் பக்கத்துக் கொட்டகையில், இருக்கைக்குக் குறுக்கே அரக்குப் பட்டிழைக் கற்றையைக் கட்டிக்கொண்டு, முகூர்த்தம் தள்ளிப்போன மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ரிப்பனுக்குப் பதில் பட்டிழை என்பது தையல்நாயகியின் யோசனை. அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. இழுத்துக் கட்டிய இழையில் நல்ல காரியத்தன்று இரும்பு படுவது நெசவுத் தெருவில் யாருக்கும் ஆகாது. ஆகவே, வருகிற அம்மாள் முடிச்சை அவிழ்ப்பார் என்று தீர்மானம். முடிச்சைப் போட்டவர் அவள் புருஷன் சபாபதி. இழுக்க இழுக்க இறுகுகிற தறி முடிச்சைத் தவிர வேறெதுவும் அவர் விரலுக்குத் தெரியாது. இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இடையில் தெருவில் இரண்டு பேர் பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். “இன்னும் திறக்கலியேம்மா” என்று தையல்நாயகி கையைப் பிசைந்தாள். எதிர்வீட்டு வள்ளி, நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று கேட்டாள்:

“இன்னாக்கா, எம் புள்ள பொறந்து, வளந்து, அதும் பொண்டாட்டி முழுகாம இருக்கறப்பவாச்சும் வண்டி ஓடுமா?”

ஒருவழியாக ஐப்பசியில் நாள் அமைந்தது. காலை பத்து மணிக்கு விழா. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. முதலில் வண்டி ஏறப்போகும் கர்ப்பிணிக்குக் கொடுக்க ஒரு தட்டில் பழம், பூ, சத்துமாவு டின். பொழுது நன்றாக விடிந்த நேரம், வள்ளியின் புருஷன் உமாபதி ஓடிவந்தான்.

“அக்கா, வள்ளிக்கு வலி எடுத்துடுச்சி. வண்டி வோணும்!”

“பத்து மணிக்குத்தாம்பா திறப்பு. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கினு இருக்கச் சொல்லேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. எதிர்வீட்டிலிருந்து வள்ளியின் குரலும் விழுந்தது:

“நான் பொறுத்துக்குவேன்க்கா! உள்ள இருக்கறது உங்க அழைப்பிதழப் படிக்கலியே!”

தையல்நாயகியும் ஒரு காலத்தில் இதே தெருவில், மாட்டு வண்டியில், வலியோடு காத்திருந்தவள். தெரு நீளத்துக்குப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நெடுக்கிழைகளை, நீட்டிக் கஞ்சி தெளித்திருந்தார்கள். காய்ந்து சுருட்டும்வரை வண்டி நகரவில்லை. தலைச்சன் தங்கவில்லை. பிரசவ வண்டி என்ற எண்ணமே அன்றைக்கு விழுந்த விதைதான். அதன்மேல் எழுத்தும் ஒலிபெருக்கியும் எப்போது ஏறி உட்கார்ந்தன என்று அவளுக்கே தெரியவில்லை.

கொட்டகைக்கு ஓடினாள். முடிச்சை இழுத்தாள். அது இறுகியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறுகியது.

“கத்தரி கொண்டுவரட்டுமா?” என்றாள் காரியதரிசி மங்கையர்க்கரசி, பள்ளிக்கூட டீச்சர்.

“நல்ல நாளும் அதுவுமா இரும்பா?”

தையல்நாயகி குனிந்தாள். சின்ன வயதிலிருந்து தறியடியில் இழை கடித்துப் பழகிய பல். நாலே கடியில் திறப்பு விழா முடிந்தது. வாயில் அரக்குப் பட்டு ஒட்டியிருக்க, “சிட்டிபாபு, எடுப்பா வண்டிய!” என்றாள் வண்டி ஓட்டுபவனிடம்.

வள்ளியை ஏற்றிப் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். வண்டி பத்தடி போய் நின்றது. எதிரே தெருவை அடைத்துக்கொண்டு பாவு. கல்யாணப் புடவைக்கான சிவப்பு, சபாபதியுடையது.

“பாவத் தூக்குங்க!”

“ஈரமா இருக்குதும்மா, எப்பிடிச் சுருட்டறது?”

“சுருட்டச் சொன்னனா? தூக்கத்தான சொன்னேன்!”

தெருவே கைகொடுத்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கழிகளைக் கொடுத்துப் பாவைத் தலைக்குமேல் உயர்த்த, கூண்டை மடக்கிய வண்டி அடியில் புகுந்தது. சாமி புறப்பாட்டுக்குக்கூட அந்தத் தெரு இத்தனை நீளப் பந்தல் போட்டதில்லை. கஞ்சி சொட்டுச் சொட்டாகத் தலைவியின் கொண்டையில் விழுந்தது. பல்லைக் கடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு போன வள்ளி திடீரென்று கத்தினாள்:

“யாருது இந்தப் பாவு? நடுவுல ரெண்டு இழ அறுந்துக்கினு இருக்குது, பாக்காம கஞ்சி போட்டுக்கினு...! ஐயோ அம்மா!”

சபாபதி கழியைப் பிடித்தபடியே இழையைத் தேடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, தையல்நாயகி அங்கிருந்த படியில் உட்கார்ந்து நன்றாக அழுது தீர்த்தாள். அப்புறம்தான் விழா ஞாபகம் வந்தது.

இங்கே பந்தலுக்கு அதிகாரியின் மனைவி, அதிசயமாக, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். திறக்க வண்டி இல்லை. மங்கையர்க்கரசி சமயோசிதமாகச் சத்துமாவு டின்னை நீட்டினாள். கைதட்டலுக்கு நடுவே அம்மாள் மூடியைத் திறந்துவைத்தார்.

சரியாக அப்போது பந்தல் முன் வண்டி வந்து நின்றது. கொண்டை அவிழ்ந்து, கண் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கனத்த உடம்போடு இறங்கினாள் தையல்நாயகி. வரும் வழியில் கூண்டுக் கம்பி இடித்த இடம் அது. தலைவியைக் கடிதத்தில் மட்டுமே அறிந்த அம்மாள், மற்றவர்கள் வாய் திறக்குமுன் தட்டோடு ஓடிவந்து அவள் கையைப் பற்றினார்.

“முதல் பயனாளி!” என்று ஒலிபெருக்கிக்குச் சொன்னார். பிறகு அவள் காதில், “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இது? இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்குங்க. கனமா எதையும் தூக்காதீங்க” என்றார்.

சபாபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவி பேசுவதற்காக மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள்.

“சரிங்கம்மா” என்று மட்டும் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி அதைச் சிட்டிபாபுவிடம் கொடுத்தாள். “வள்ளிகிட்டக் குடுத்துட்டு வாப்பா. டின்னு தொறந்து கெடக்குது, கொட்டாம போ.”